ரோட்டுக்குத் தெற்கே பிறந்தவன்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தங்களுக்கும் தங்கள் வீட்டில் உள்ள பெரியவர், சிறியவர் அனைவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இராது என்று நம்புகிறேன். தங்கள் வலது முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா? இங்கே உங்கள் தங்கை சௌக்கியம். நானும் சௌக்கியம் என்றுதான் முதல் தாளில் எழுதினேன். பச்சைப் பொய்யாக இருந்ததால் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது தாள். இரண்டு வாரமாக உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்காருகிறேன். நேற்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் உங்கள் தங்கை உங்களுக்கு டெலிபோனில் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை என் வாயால் கேளுங்கள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நான் தெற்கத்தியான் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், மச்சான். சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று ஓர் அறை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு மேசை, இரண்டு டெலிபோன். ஜன்னலோரம் இருப்பது தெற்கு மேசை, கதவோரம் இருப்பது வடக்கு மேசை. தெற்கே வாங்கிய மோட்டார் மக்கர் செய்தால் ஒரு நம்பர், வடக்கே வாங்கியது மக்கர் செய்தால் இன்னொரு நம்பர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் வேலையில் சேர்ந்த அன்று தெற்கு மேசைக்குப் பின்னால்தான் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது. அன்றிலிருந்து தெற்கே எந்த மோட்டாருக்கு வயிற்றுவலி வந்தாலும் முதலில் கேட்கிற காது இந்தக் காதுதான். இப்போது புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார். இளவயது, கெட்டிக்காரர், காலையில் வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார், ஆளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. வந்த மூன்றாம் வாரம் ஒரு சுற்றறிக்கை விட்டார். கோபமாகக் கூப்பிடுகிற வாடிக்கையாளர் தன் பக்கத்துக் குரலைக் கேட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடுமாம். ஆகவே தெற்கு மேசையில் தெற்கே பிறந்தவர்தான் இருக்க வேண்டும், வடக்கு மேசையில் வடக்கே பிறந்தவர்தான் இருக்க வேண்டும். தவிர, அடுத்த மாதம் முதல் வடக்கு மேசை இந்த அறையில் இருக்காது, ரயிலில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போய்ச் சேர வேண்டிய வடக்கு ஆபீஸுக்குப் போய்விடும்.

சரி, நமக்கென்ன, நாம் தெற்கு மேசைதானே என்று டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். தெற்கு எங்கே தொடங்குகிறது என்று யாரோ கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மேனேஜர் சுவர் வரைபடத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்தார். நாட்டைக் கிழக்கு மேற்காகக் கடந்து போகிற பெரிய ரோடு அதில் சிவப்புக் கோடாக இருந்தது. அதற்கு மேலே வடக்கு, கீழே தெற்கு, தீர்ந்தது விவகாரம் என்றார். அந்த ரோடு எந்த ஊரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பிறப்புச் சான்றிதழ்ல வடக்கு வார்டுன்னு போட்டிருக்கே?"

"ஆமா சார். ஆனா நான் இருபத்திரண்டு வருஷமா தெற்கு மேசையில..."

"மேசையிலயா பிறந்தீங்க?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே தகவல் கேட்பது மாதிரிக் கேட்டார். அடுத்த மாதம் வடக்கு மேசையோடு நானும் வடக்கு ஆபீஸுக்கு ரயிலேற வேண்டும் என்று முடித்துவிட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். உங்கள் தங்கை கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமல், "நீங்க போயிட்டு வாங்க. நான் வரல. எனக்கு அங்க யாரைத் தெரியும்? அங்க எல்லாம் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என்ன வேலைன்னு கேப்பாங்களாம்" என்றாள். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவள், மச்சான். நான் இல்லாமல் ஒரு வாரம் இருந்தால் காஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாது. அவள் இல்லாமல் நான் ஒரு வாரம் இருந்தால் என் சட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேனேஜரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் நியாயமான மனிதர் என்று சொன்னேனே, மூன்று பேர் கமிட்டி ஒன்றைப் போட்டார். அவர் ஒருவர், டைப் அடிக்கிற அம்மா ஒருவர், அந்த அம்மா வரைபடத்தில் தரை முடிகிற இடத்து ஊர்க்காரர் என்பதால் ஆபீஸே அவரைக் கடைக்கோடி அக்கா என்றுதான் கூப்பிடும், மூன்றாவது ஆள் மெக்கானிக்குகளுக்குத் தலைவர், நாங்கள் மீசை என்று கூப்பிடுபவர். இவர்கள் முன்னால் பதினைந்து நாளில் என் தெற்கை நான் நிரூபிக்க வேண்டும்.

என்னிடம் நிரூபணம் இருந்தது. இதை யாரும் கண்டுபிடித்ததில்லை, நான் கண்டுபிடித்தது. வடக்கு ஆள் புகார் சொன்னால், "மோட்டார் ஓடவில்லை. வாங்கிய தேதி இது. ஆள் எப்போது வருவார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். தெற்கு ஆள் அப்படி இல்லை, மச்சான். மோட்டார் என்ன சத்தம் போடுகிறதோ அந்தச் சத்தத்தைத் தானே போட்டுக் காட்டுவார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார், இன்னிக்குக் காலையில இருந்து கிர்ர்ர்ர்ங்குது" என்றால் பேரிங் போய்விட்டது. "ம்ம்ம்ம்" என்று மூக்கால் இழுத்தால் கெபாசிட்டர். "க்ளக், க்ளக், க்ளக்" என்றால் குழாயில் காற்று. ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, குரலிலேயே கண்டிப்பு தெரிகிற அம்மா, "இதை நான் எழுத்தில் தருவதற்கில்லை" என்று சொல்லிவிட்டு முழுதாக அரை நிமிடம் "ம்ம்ம்ம்" என்றார். மெக்கானிக் போய்ப் பார்த்தால் கெபாசிட்டரேதான். இதற்காகவே என் பதிவேட்டில் சத்தம் என்று தனியாக ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வடக்கு மேசைப் பதிவேட்டில் அந்தக் கட்டமே கிடையாது, அபூர்வமாக யாராவது சத்தம் போட்டால் ஓரத்தில் கிறுக்கி வைப்பதோடு சரி. சத்தம் போட்டுக் காட்டுகிற கடைசி வீடு எதுவோ அதுவரை தெற்கு. விவரம் மட்டும் சொல்கிற முதல் வீடு எதுவோ அங்கிருந்து வடக்கு. இதைவிடத் தெளிவான எல்லை உண்டா, சொல்லுங்கள்.

இரண்டு மேசைப் பதிவேடுகளையும் பிரித்து வைத்துக்கொண்டு சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்த ஆரம்பித்தேன். சத்தம் போட்டவருக்குச் சிவப்பு, போடாதவருக்கு நீலம். முதல் நாள் அழகாகத்தான் வந்தது, கீழே சிவப்பு, மேலே நீலம். இரண்டாம் நாள் வடக்கே நட்டநடுவில் ஒரு சிவப்பு விழுந்தது. விசாரித்தால் அவர் நாடகக் கம்பெனியில் இருந்தவராம். சரி, தொழில் கோளாறு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நம் ஊருக்கு வந்தேன். நம் ஊரில் ஒரே வீட்டிலிருந்து புருஷன் விவரமும் பெண்சாதி சத்தமுமாகக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒரே மோட்டாருக்கு. ஒரே ஓட்டையில் இரண்டு ஊசி எப்படிக் குத்துவது? நான்காம் நாள் கடைசி அடி: தரை முடிகிற இடத்தில், நீலத்துக்கு வேலையே இல்லாத இடத்தில், ஒரு நீலம். பதிவேட்டைப் பார்த்தால் கடைக்கோடி அக்காவின் சொந்த அண்ணன். "மோட்டார் ஓடவில்லை" என்று இரண்டே வார்த்தை. என் கெட்ட நேரம், ஊசியைக் குத்தும்போது அந்த அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அண்ணனுக்கு அப்பதான் புதுசாப் பல் செட் கட்டியிருந்தாங்க. சத்தம் போட்டா கழண்டு விழுந்துடும்னு பேசாம இருந்தாரு. அதுக்காக அவரை வடக்கத்தியான்னு குத்திடுவீங்களா?"

"இல்லைங்க அக்கா, ஊசிக்குப் பல் செட் எல்லாம் தெரியாதே..."

"ஊசிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேணாம்?" என்று சொல்லிவிட்டு அவரே ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கமிட்டியில் மூன்றில் ஒரு வோட்டு அப்படிப் போயிற்று.

விட்டேனா? வாடிக்கையாளர்களையே கேட்டுவிடுவது என்று டெலிபோனை எடுத்தேன். மோட்டார் எப்படி ஓடுகிறது என்று விசாரிக்கிற சாக்கில், தெற்கு எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் தெற்கே இருக்கிற மளிகைக் கடைக்காரர், "நமக்கு அப்புறம்தான் சார். இங்க எல்லாம் கலந்துபோச்சு" என்றார். அவருக்கு அப்புறம் இருப்பவர், அடுத்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் என்றார். பாலத்தைத் தாண்டிய தையல்காரர், "பாலம் எங்களுதில்ல சார், அது வடக்கத்திக்காரங்க கட்டினது" என்று கோபித்துக்கொண்டார். இப்படியே டெலிபோனிலேயே இறங்கி இறங்கிக் கடலோரம் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு படகு மெக்கானிக் எடுத்தார். "தெற்குன்னு சொல்லிக்கிறவங்க இங்க யாரும் இல்ல சார். இங்க மேலத்தெரு ஆளு இருக்கான், கீழத்தெரு ஆளு இருக்கான், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவ்வளவுதான்." எனக்குத் தலை சுற்றியது. தெற்கே போனால் தெற்கைக் காணோம், மச்சான். ஓய்ந்துபோய் வடக்கு மேசைப் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைச் சுழற்றினேன். ஒரு பெரியவர் எடுத்தார். கேள்வியைக் கேட்டதும் குரல் மலர்ந்துவிட்டது. "நான்தான் சார் தெற்கு! முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன், பேரப்பசங்க பேசறது எனக்கே பாதி புரியல, ஆனா எதிர்வீட்டுக்காரன் இன்னிக்கும் என்னை 'ஏய் தெற்கு'ன்னுதான் கூப்பிடறான்" என்றார். பிறகு, கேட்காமலே, அவர் வீட்டு மோட்டாரின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். அருமையான பேரிங் சத்தம். டெலிபோனை வைத்துவிட்டு அவர் சத்தத்தை என் பதிவேட்டில் எழுதினேன். ஏனென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கமிட்டி என்னையே சத்தம் போட்டுக் காட்டச் சொல்லும் என்று மீசை ரகசியமாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் சத்தத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேனே தவிர, நான் ஒரு நாளும் போட்டதில்லை. உங்கள் தங்கையிடம் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். அவளுக்கு அது தானாக வருகிறது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே கிர்ர்ர் என்றாள், பேரிங் போன மோட்டார் தோற்றது. "வயித்துல இருந்து வரணும். நீங்க தொண்டையில பண்றீங்க" என்றாள். வயிற்றிலிருந்து பண்ணினேன். இரண்டாம் முயற்சியில் கீழ்வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரோடு மேலே ஓடி வந்து, "என்ன மாட்டிக்கிச்சு? மீன் முள்ளா?" என்று என் முதுகில் நாலு தட்டுத் தட்டினார். அவர் கை கனம். இரண்டு நாள் சாய்ந்து உட்கார முடியவில்லை.

விசாரணை நாளும் வந்தது. மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். "உங்க வீட்டு மோட்டார் ரிப்பேர். எங்களுக்கு போன் பண்றீங்க. பேசுங்க" என்றார் மேனேஜர். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "மோட்டார் ஓடவில்லை. மாடல் எண் நான்கு. வாங்கிய தேதி..." ஒரு தடுமாற்றம் இல்லாமல், அச்சடித்த படிவத்தைப் படிப்பது மாதிரி வந்தது. படிவம் நிரப்பி நிரப்பி நாக்கே கட்டம் கட்டமாகிவிட்டது, மச்சான். கடைக்கோடி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதறிப்போய் உடனே சத்தத்தையும் போட்டேன். மீசை தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கவனமாகக் கேட்டார். பிறகு, "சார், இது நம்ம கம்பெனி மோட்டார்தானா?" என்றார். அவர் என் நண்பர்; கெடுதல் நினைத்துக் கேட்கவில்லை. மேனேஜர் பேனாவை மூடினார். "பேச்சு, பழக்கம் எதுவும் ஒத்துவரல. ஆவணம் ஏதாவது இருந்தா பத்தாம் தேதிக்குள்ள கொண்டுவாங்க" என்றார். வடக்கு ஆபீஸிலிருந்தும் ஒருவர் அன்று மாலையே டெலிபோனில் பத்து நிமிடம் என்னிடம் பேசிப் பார்த்தார். அது வெறும் சம்பிரதாயம், எல்லாரிடமும் பேசுவார்கள், நீங்கள் பெட்டியைக் கட்ட ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்போதுதான், மச்சான், எனக்கு ஞாபகம் வந்தது. நான் நாலாம் வகுப்பு படிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் போக ரோட்டைத் தாண்டி வடக்கே போவேன். லாரி வருகிறதா என்று பார்த்துத் தாண்டச் சொல்லி அம்மா வாசலில் நின்று கத்துவாள். ஐந்தாம் வகுப்பில் தாண்டவே இல்லை. வீடு நகரவில்லை, பள்ளிக்கூடம் நகரவில்லை. ரோடுதான் நகர்ந்தது! பழைய ரோட்டில் வளைவு அதிகம் என்று அதை விட்டுவிட்டு, எங்கள் வரிசை வீடுகளுக்குத் தெற்கே புது ரோடு போட்டார்கள். நான் பிறந்தபோது எங்கள் வீடு ரோட்டுக்குத் தெற்கே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அத்தனை குடும்பமும் படுக்கையை விட்டு எழாமலே வடக்குக்குப் போய்விட்டது. வார்டுப் பேரும் கூடவே மாறியது; என் பிறப்புச் சான்றிதழ் அதற்கப்புறம் எடுத்த நகல். அந்தப் புது ரோட்டை அளந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்து சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? நீங்கள். என்னை வடக்கத்தியானாக்கிய சங்கிலி உங்கள் கையில்தான் இருந்தது. ஆக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, என் கல்யாணத்தன்று, பந்தியில் நூறு பேர் நடுவில், "வடக்கத்தி மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கப்பா, அந்தப் பக்கம் இதெல்லாம் கிடைக்காது" என்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உங்கள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம், நடுவில் இருந்தது நாற்பது அடி தார். இருபத்தாறு வருடமாக உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பேர்தான். எனக்கு அது வலித்தது, மச்சான். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை; இப்போது சொல்லிவிட்டேன்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பழைய ரோடு எது வழியாக ஓடியது, எங்கள் வீடு அதற்கு எந்தப் பக்கம், புது ரோடு எந்த வருடம் வந்தது என்று ஒரு சின்னப் படம் வரைந்து, ஓய்வுபெற்ற நில அளவையர் என்று கீழே எழுதி, கையெழுத்துப் போட்டுப் பத்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். உங்கள் கையெழுத்து இருந்தால் மேனேஜர் மறுக்க மாட்டார். உங்களுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம்; உங்கள் தங்கை நேற்று பெட்டியில் என் துணிகளை மட்டும் மடித்து வைத்தாள். ஒவ்வொரு சட்டையின் மேலும் அது எந்தக் கிழமைக்கு என்று துண்டுச் சீட்டு எழுதிக் குத்தியிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மூன்று தடவை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல மார்க்கும், நீண்ட ஆயுளும், காலாகாலத்தில் நல்ல இடமும் பெற்று, எந்தப் பக்கத்திலும் எவரிடமும் சான்றிதழ் கேட்டு நிற்காத வாழ்வு வாழ ஆசிகள். தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

என்றும் தங்கள் அன்புக்கும் கேலிக்கும் உரிய,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வடக்கு ஆபீஸின் பதில் வந்துவிட்டது. மேனேஜர் சிரித்த முகத்தோடு அவரே கொண்டுவந்து கொடுத்தார். "இவர் பேச்சில் தெற்கு வாடை தாங்கவில்லை. மோட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு முன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார். எங்களுக்கு உதவ மாட்டார், அங்கேயே வைத்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறார்கள். இனி எங்கேயும் போக வேண்டாம், பழைய நாற்காலியிலேயே இருங்கள் என்று மேனேஜர் என் கையைக் குலுக்கினார். நான் குதித்திருக்க வேண்டும். மத்தியானத்திலிருந்து நெஞ்சு எரிகிறது, மச்சான். என்னை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? நான் என்ன வழிப்போக்கனா? பிறந்தது வடக்கு வார்டு, சான்றிதழில் வட்ட முத்திரை குத்தியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேரிடம் முத்திரை இருக்கிறது? நானும் வடக்கத்தியான்தான், என் இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு நான்கு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆகையால் மேலே கேட்ட படத்தை வரைய வேண்டாம். வரைந்திருந்தால் கிழித்து அடுப்பில் போடவும். ஆபீஸிலிருந்து யாராவது வந்து விசாரித்தால், ரோடு எந்தக் காலத்திலும் அசைந்ததே இல்லை, சங்கிலியைப் பிடித்தவன் நான், எனக்குத் தெரியாதா என்று அடித்துச் சொல்லவும். இதை உங்கள் தங்கையிடம் சொல்கிற பொறுப்பையும் தாங்களே ஏற்றுக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும். அவள் இப்போதுதான் பெட்டியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டுகளைப் பிரித்து, பாடிக்கொண்டே அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.